பவளம் எழுதிய வெள்ளக் கணக்கு



மழைக்காலம் பிறந்துவிட்டால் நம் நாட்டில் வெள்ளச் செய்திக்குப் பஞ்சமே இல்லை. கிளந்தானிலும் திரங்கானுவிலும் பகாங்கிலும் ஆறுகள் கரைபுரண்டு ஓடும். பள்ளிக்கூடங்கள் நிவாரண மையங்களாக மாறும். 1926-ஆம் ஆண்டில் கிளந்தானைப் புரட்டிப் போட்ட பெருவெள்ளத்தை அங்குள்ள மலாய் மக்கள் ‘பா மேரா’, அதாவது சிவப்பு வெள்ளம் என்று பெயரிட்டு அழைத்தார்கள். 2014 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்திற்கு ‘பா கூனிங்’, மஞ்சள் வெள்ளம் என்று பெயர் வைத்தார்கள்.

தண்ணீருக்கு ஏது சிவப்பும் மஞ்சளும்? அது மலையின் மண். காட்டின் மண். தோட்டத்தின் மண்.

வெள்ளம் வடிந்ததும் வீட்டைக் கழுவுகிறோம். பாயை வெயிலில் போடுகிறோம். “அப்பாடா, போய்த் தொலைஞ்சுது” என்று பெருமூச்சு விடுகிறோம். சரி, போனது எங்கே போயிற்று? அதைக் கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

அது போன இடம் கடல். கடலின் வாசலில் நின்று அதை முதலில் எதிர்கொள்ளும் உயிர்களுள் ஒன்று பவளம். ஆற்று வெள்ளத்திற்கும் பவளத்திற்கும் நடக்கும் இந்தப் போராட்டத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாறு மிகத் தெளிவாக எழுதப்பட்டுள்ள இடம் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரை. அதை எழுதியவர் மனிதர் அல்லர் என்பதுதான் வியப்பு. வாருங்கள், அங்கே சென்று பார்ப்போம்.

கடலுக்குள் ஒரு கோட்டை

குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கரையை ஒட்டி, கடலுக்குள் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரந்து கிடக்கிறது பெருந்தடுப்புப் பவளப்பாறை. பட்டர்வொர்த்திலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் சாலையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்! ஒரே பாறை அன்று. ஏறத்தாழ 3,000 தனித்தனிப் பாறைகளின் கூட்டம். 1770-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் ‘எண்டவர்’ கப்பல் இதில் மோதித்தான் ஓட்டை விழுந்து தத்தளித்தது.

இவ்வளவு பெரிய கோட்டையைக் கட்டியது யார்? நம் விரல் நகத்தைவிடச் சிறிய உயிர்கள்தாம். பவளம் செடியும் அன்று, கல்லும் அன்று. அது ஒரு பிராணி. அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலைப் பிடித்து உணவு சமைக்கிறது. சமைத்ததில் பெரும் பங்கை வீட்டுக்காரனாகிய பவளத்துக்குக் கொடுக்கிறது. அந்த வலுவில் பவளம் கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தனக்கொரு வீடு கட்டுகிறது. அந்த வீடுகளின்மேல் வீடுகள் எழும்பி எழும்பித்தான் பாறை உண்டாகிறது.

இந்தக் குடித்தனம் நடக்க மூன்று வேண்டும்: வெயில் இறங்கும் தெளிந்த நீர், குறையாத உப்பு, அளவான சூடு. இந்த மூன்றில் முதல் இரண்டையும் ஒரே நாளில் கெடுத்துவிடக்கூடியது வெள்ளம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராணியாரின் செக்ரோல்

நம் தாத்தா பாட்டி காலத்துத் தோட்டங்களில் கிராணியார் இருப்பார். இன்று யார் வேலைக்கு வந்தார், எத்தனை ராத்தல் பால் எடுத்தார் என்பதையெல்லாம் செக்ரோலில் ஒன்று விடாமல் பதிந்து வைப்பார். கடலுக்குள்ளும் அப்படி ஒரு கிராணியார் இருக்கிறார். உருண்டையாக, பெரும் பாறைபோல் வளரும் ‘போரைட்டீஸ்’ என்னும் பவளம்தான் அவர். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்வார். மரத்துக்கு ஆண்டு வளையம் இருப்பதுபோல் இவருக்கும் ஆண்டுக்கு ஒரு அடுக்கு உண்டு. சில பவளங்கள் முந்நூறு, நானூறு ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கும்.

விஞ்ஞானிகள் இத்தகைய பவளத்தில் துளையிட்டு நீண்ட உருளையாக ஒரு துண்டை எடுத்தார்கள். அதன்மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சியபோது ஒளிரும் கோடுகள் தெரிந்தன. எல்லா அடுக்கிலும் அல்ல. ஆறு பெருகி வந்த ஆண்டுகளில் மட்டும்! மண்ணில் மக்கிய இலை தழைகளின் சாறு வெள்ளத்தோடு கடலுக்கு வந்து பவளத்தின் சுண்ணாம்பில் படிந்ததால் உண்டான கோடுகள் அவை. 1984-ஆம் ஆண்டில் பீட்டர் இஸ்டேல் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி இதை உலகுக்கு எடுத்துரைத்தார். மழைமானி வைத்து அளக்க ஆள் இல்லாத நூற்றாண்டுகளின் வெள்ளங்களை எல்லாம் பவளம் பதிந்து வைத்திருந்தது.

“வெள்ளம் எப்பவும் வந்துக்கிட்டுத்தானே இருக்கு? அப்புறம் இப்ப மட்டும் என்ன புதுசா ஆபத்து?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. விடையும் அந்தச் செக்ரோலிலேயே இருக்கிறது.

2003-ஆம் ஆண்டில் மால்கம் மெக்கலக் என்பவரும் அவருடைய குழுவினரும் ஹவானா தீவுப் பக்கத்தில் எடுத்த ஒரு பவளத்தைச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். 1750 முதல் 1998 வரையிலான கணக்கு அதில் இருந்தது. அவர்கள் தேடியது பேரியம் என்னும் தாதுப் பொருளை. ஆற்று மண்ணோடு ஒட்டி வரும் பேரியம், உப்புநீரைத் தொட்டதும் மண்ணை விட்டுக் கழன்று நீரில் கலக்கும். பவளம் அதையும் சேர்த்துத் தன் வீட்டைக் கட்டிவிடும். ஆகவே எந்த ஆண்டு அடுக்கில் பேரியம் கூடுதலோ, அந்த ஆண்டு மண் கூடுதல்.

கணக்கைப் பார்த்தார்கள். 1750-லிருந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெள்ளங்கள் வந்தன, போயின. மண் குறைவாகவே வந்தது. 1870 வாக்கில் கணக்கு சட்டென்று மாறுகிறது. அதன்பின் வந்த வெள்ளங்கள் கொண்டு சேர்த்த மண், முன்பு வந்ததைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு! வெள்ளம் பழைய வெள்ளம்தான். அது தூக்கி வந்த சுமைதான் புதியது.

மாடு வந்தது, கரும்பும் வந்தது

1870-ஐ ஒட்டி அங்கே அப்படி என்ன நடந்தது? வரலாற்றைப் புரட்டுவோம். பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த நிலத்தில் பூர்வகுடி மக்கள் வாழ்ந்து வந்தனர். 1861-இல் போவன் என்ற ஊரும், அதற்குச் சில ஆண்டுகளில் டவுன்ஸ்வில்லும் வெள்ளையர் குடியேற்றங்களாக எழுந்தன. அவர்களுக்குப் பின்னால் ஆடுகளும் மாடுகளும் கூட்டம் கூட்டமாக உள்நாட்டுக்குள் ஓட்டிச் செல்லப்பட்டன.

அங்கே ஓடும் பர்டெக்கின் ஆறு நீர் சேர்க்கும் நிலப்பரப்பு ஏறக்குறைய 1,30,000 சதுர கிலோமீட்டர். நம் தீபகற்ப மலேசியா முழுவதையும் ஒரே ஆற்றின் வடிநிலமாக நினைத்துப் பாருங்கள்! ஆனால் நம் நாட்டைப்போல் ஆண்டு முழுதும் மழை பெய்யும் பூமி அன்று. மாதக் கணக்கில் காய்ச்சல். பிறகு சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும் மழை. புல் வேர் பிடித்து வைத்திருந்தவரை மண் அசையவில்லை. மாடு புல்லை மேய்ந்தது. குளம்பு மண்ணை மிதித்துப் பொடியாக்கியது. ஓடை ஓரங்கள் இடிந்து ஓடைகள் பள்ளங்களாயின. அடுத்த மழைக்கு மேல்மண் அவ்வளவும் ஆற்றோடு கிளம்பிவிட்டது.

கரையோரச் சமவெளிகளில் இன்னொரு மாற்றம். 1865-இல் மக்காய் பகுதியில் கரும்பு நட்டார்கள். 1868-இல் ஆலை ஓடத் தொடங்கியது. காடு வெட்டி, சதுப்பு நிலம் தூர்த்து, கடற்கரை நெடுகக் கரும்புக் கொல்லைகள் பரவின. வெட்டவும் நடவும் ஆள் வேண்டுமே? 1863 முதல் 1904 வரை தென்கடல் தீவுகளிலிருந்து ஏறக்குறைய 62,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். ஒப்பந்தம் என்று சொல்லி அழைத்து வரப்பட்டவர்களும் உண்டு. ஏமாற்றித் தூக்கி வரப்பட்டவர்களும் உண்டு. தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்த நம்மவர்க்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சீனி இனித்தது, சிந்திய வியர்வை யாருடையது என்று சீனியைத் தின்றவர் கேட்கவில்லை. மண் எங்கே போகிறது என்றும் எவரும் கேட்கவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மூட்டை மூட்டையாகச் செயற்கை உரம் வந்தது. களைக்கொல்லி மருந்துகளும் வந்தன. பயிர் தின்றது போக மீந்த உரம் மழைநீரில் கரைந்து ஆற்றுக்குப் போயிற்று. இப்போது வெள்ளத்தின் தோளில் மூன்று மூட்டைகள்: மண், உரம், மருந்து.

புகைப்படம் சொல்லும் சாட்சி

1893-ஆம் ஆண்டில் வில்லியம் சாவில்-கென்ட் என்ற இயற்கை ஆய்வாளர் பெருந்தடுப்புப் பவளப்பாறையைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். கடல் வற்றிய வேளையில் பவளங்கள் தலைகாட்டி நிற்கும் புகைப்படங்கள் அதில் உண்டு. போவனுக்கு அருகிலுள்ள ஸ்டோன் தீவின் படத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பவளத் தோட்டம்.

1918 ஜனவரியில் மக்காய் நகரைப் பெரும் புயல் தாக்கியது. முப்பது பேர்வரை மாண்டனர். புயலோடு கொட்டிய மழையில் ஸ்டோன் தீவின் பவளம் அழிந்ததைச் சார்லஸ் ஹெட்லி என்ற அறிஞர் 1925-இல் எழுதிவைத்தார். காரணம் எளிது: நல்ல தண்ணீர் உப்புநீரைவிட இலேசானது. அது கடலின்மேல் போர்வைபோல் பரவும். ஆழம் குறைந்த இடத்தில் நிற்கும் பவளம் அந்தப் போர்வைக்குள் சிக்கினால் உப்பில்லாமல் செத்துப்போகும். நமக்கு உயிர் தரும் குடிநீரே அதற்கு நஞ்சாகிறது!

1994-இல் அதே இடங்களுக்குப் போய் மீண்டும் படம் பிடித்தார்கள். பழைய படத்தில் பவளம் இருந்த இடத்தில் இப்போது சேறும் உடைந்த துண்டுகளும். எப்போது செத்தன? 2012-இல் ஓர் ஆய்வுக் குழுவினர் சென்று, செத்த பவளங்களின் வயதை நுட்பமாகக் கணித்தார்கள். பக்கத்திலுள்ள பிராம்ஸ்டன் பாறையில் பெரும்பாலானவை 1990–91 வெள்ளத்தை ஒட்டி மடிந்தவை. ஸ்டோன் தீவில் 1970, 2008 ஆகிய வெள்ள ஆண்டுகளை ஒட்டி மடிந்தவை. பிராம்ஸ்டன் பாறையில் பவளம் மீண்டும் தலையெடுத்திருந்தது. ஸ்டோன் தீவில் அந்த அறிகுறி மிகக் குறைவு.

மாணவர்களே, இந்த இரண்டு பாறைகளும் நமக்கு ஒரு பெரிய பாடம் சொல்கின்றன. வெள்ளம் பவளத்தைக் கொல்வது புதிதல்ல. செத்த இடத்தில் மீண்டும் முளைப்பதும் பவளத்தின் இயல்பே. ஆனால் முளைப்பதற்கு இடம் வேண்டாமா? பவளக் குஞ்சு வந்து ஒட்டிக்கொள்ளச் சுத்தமான கல் வேண்டும். கல்லின்மேல் சேறு படிந்திருந்தால் அது எங்கே காலூன்றும்? உரத்தைத் தின்று கொழுத்த கடற்பாசி இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டால் அது எங்கே குடியேறும்?

1928–29-இல் சார்லஸ் மாரிஸ் யங் தலைமையில் லோ தீவுகளில் ஏறக்குறைய ஓராண்டு தங்கி ஆராய்ந்த பிரிட்டிஷ் குழுவினர் வண்டலைப் பற்றியும் சோதித்தார்கள். பவளம் தன்மேல் விழும் மண்ணை ஓரளவு தானே தள்ளிவிடும். நம் வீட்டுப் பெண்கள் வாசல் கூட்டுவதுபோல் அதுவும் கூட்டிக்கொண்டேதான் இருக்கிறது. கூட்டக் கூட்டக் கொட்டினால் யாரால்தான் தாங்க முடியும்? அந்த வேலைக்கே அதன் வலுவெல்லாம் தீர்ந்துவிடும். போதாததற்குக் கலங்கல் நீர் வெயிலை மறைக்கிறது. உள்ளே இருக்கும் பாசி உணவு சமைக்க முடியாமல் தவிக்கிறது. களைக்கொல்லி மருந்தோ, வயலில் களைக்குச் செய்யும் அதே கொடுமையை இந்தப் பாசிக்கும் செய்கிறது. களை எது, பாசி எது என்று மருந்துக்குத் தெரியுமா?

முள்முடி அரக்கன்

1962-ஆம் ஆண்டில் கேன்ஸ் நகருக்கு எதிரே உள்ள கிரீன் தீவில் இன்னொரு பகைவன் படையெடுத்தான். உடலெல்லாம் நச்சு முள் கொண்ட முள்முடி நட்சத்திர மீன் அது. வயிற்றையே வெளியே தள்ளிப் பவளத்தின்மேல் போர்த்தி, சதையைக் கரைத்துத் தின்றுவிடும். வெள்ளை எலும்புக்கூடுதான் மிஞ்சும். ஒன்றிரண்டு இருந்தால் கெடுதல் இல்லை. அன்று வந்தவை ஆயிரக்கணக்கில்! அதன் பிறகும் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தப் படையெடுப்பு நடந்து வருகிறது.

இதற்கும் வெள்ளத்துக்கும் என்ன தொடர்பு? ஒரு பெண் மீன் ஒரே பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகளுக்கு இரை நுண்பாசி. தெளிந்த கடலில் அந்த இரை அரிது. குஞ்சுகளில் பெரும்பாலானவை பட்டினியால் சாகும். வெள்ளம் உரத்தைக் கொண்டு வந்து கொட்டினால் நுண்பாசி பெருகும், குஞ்சுகள் பிழைக்கும். 1982-இல் சார்ல்ஸ் பர்க்லண்ட் என்பவர் பசிபிக் தீவுகளை ஆராய்ந்து, பெருமழைக்குச் சில ஆண்டுகள் கழித்து இந்தப் படையெடுப்பு வருவதை எடுத்துக்காட்டினார். இந்த மீனைத் தின்னும் பெரிய சங்குகளையும் மீன்களையும் மனிதன் பிடித்துத் தீர்த்ததும் ஒரு காரணம் என்பாரும் உளர். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். எப்படியும், கரும்புக்குப் போட்ட உரம் அரக்கனின் பிள்ளைக்கும் பாலூட்டுகிறது என்பதைப் பல அறிஞர் ஏற்றுக்கொள்கின்றனர்.

1985 முதல் 2012 வரையிலான 27 ஆண்டுக் கணக்கை ஆராய்ந்தபோது, பாறைகளில் உயிருள்ள பவளத்தின் பரப்பு 28 விழுக்காட்டிலிருந்து 13.8 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. அந்த இழப்பில் 48 பங்கு புயலாலும், 42 பங்கு முள்முடி மீனாலும், 10 பங்கு சூட்டால் வெளுத்ததாலும் நேர்ந்தது என்று கணக்கிட்டார்கள்.

சூட்டையும் சொல்லத்தான் வேண்டும்

வெள்ளத்தின்மேல் மட்டும் பழியைப் போட்டால் அது நேர்மை ஆகாது. உலகம் சூடாகி வருவதே இன்று பவளத்துக்கு முதற்பகை. 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 என்று அடுத்தடுத்துப் பெரிய அளவில் பவளங்கள் வெளுத்தன. இந்தச் சூட்டைக் குயின்ஸ்லாந்து உழவர் தனியாக நின்று தணிக்க முடியாது.

ஆனாலும் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கெட்ட தண்ணீரைக் கொடுப்போமா? 2012-க்குப் பிறகு அந்தப் பாறைகளின் நிலையைப் பாருங்கள். வடக்கிலும் நடுவிலும் பவளம் தேறி, 2022-இல் 36 ஆண்டுக் கணக்கிலேயே மிக உயர்ந்த அளவைத் தொட்டது. 2024-இன் சூட்டுக்குப் பிறகு மறுபடி இறங்கியது. விழுந்தாலும் எழும் வலு இன்னும் இருக்கிறது. அந்த வலுவைச் சேறும் உரமும் தின்றுவிடாமல் காப்பது மனிதன் கையில் இருக்கிறது.

மருந்து மலையடியில்

1975-இல் ஆஸ்திரேலியா சட்டம் இயற்றி இதைக் கடற்பூங்காவாக்கியது. 1981-இல் உலகப் பாரம்பரியச் சொத்தாகவும் அறிவிக்கப்பட்டது. கப்பல் போக்குவரத்தை நெறிப்படுத்தினார்கள்; மீன்பிடிப்பை வரையறுத்தார்கள். கடலுக்கு வேலி போட்டாயிற்று. ஆற்றுக்கு யார் வேலி போடுவது? வெள்ளம் சட்டப் புத்தகம் படித்துவிட்டா வருகிறது?

அதனால்தான் 2003-இல் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து ஆற்று நீரின் தூய்மைக்கென்று தனித் திட்டம் தீட்டின. மாட்டுப் பண்ணையில் புல் முற்றும் அற்றுப்போகாமல் பார்த்துக்கொள்வது, இடிந்த ஓடைகளைச் சீர்செய்வது, கரும்புக்கு வேண்டிய அளவே உரம் இடுவது, சதுப்பு நிலங்களை மீட்பது எல்லாம் அதன் பணிகள். 2016-இல் குயின்ஸ்லாந்து அரசு ஸ்பிரிங்வேல் என்ற பெரிய மாட்டுப் பண்ணையையே விலைகொடுத்து வாங்கியது. பாலுக்கா, இறைச்சிக்கா? இல்லை, அங்கிருந்து மண் அரித்துப் போவதைத் தடுப்பதற்காக! 2019-இல் உரப் பயன்பாட்டையும் மேய்ச்சலையும் நெறிப்படுத்தச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. உழவர்களில் ஒரு சாரார் இதை எதிர்த்தார்கள். “கடலைப் பார்த்தே இராத என்மேல் ஏன் பழி?” என்று கேட்டார்கள். அவர்கள் வயிற்றுப்பாட்டையும் நாம் மறக்கக்கூடாது. முன்னேற்றம் மெதுவாகத்தான் நடக்கிறது. 150 ஆண்டு வினையை ஒரு நாளில் அழிக்க முடியுமா?

நாம் செய்ய வேண்டியது

“ஆஸ்திரேலியாக் கதை நமக்கு எதுக்கு?” என்று யாரும் நினைக்க வேண்டாம். ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் தீவுகளைச் சுற்றிலும் பவளம் இருக்கிறது. அவற்றுக்கு எதிரே இருக்கும் பெருநிலத்திலும் ஆறுகள் பாய்கின்றன, செம்பனைத் தோட்டங்கள் இருக்கின்றன, மலைகள் வெட்டப்படுகின்றன. ஒவ்வொரு மழைக்கும் ஆறு என்ன நிறத்தில் ஓடுகிறது என்று நின்று பாருங்கள். அந்த நிறம் ஒரு கடிதம். எழுதியவர்கள் நாம், படிப்பது கடல்.

சிறுதுளி பெருவெள்ளம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சேமிப்புக்குச் சொன்ன அந்தப் பழமொழி அழுக்குக்கும் பொருந்தும். கால்வாயில் நாம் கொட்டும் ஒரு வாளிக் கழிவும், தோட்டத்தில் அளவு மீறிப் போடும் ஒரு பிடி உரமும், வெறுமையாக விட்ட ஒரு துண்டு நிலத்தின் மண்ணும் சேர்ந்துதான் பெருவெள்ளத்தின் மூட்டை ஆகின்றன. வீட்டைச் சுற்றி வெற்று மண் தெரியாமல் புல்லோ செடியோ வையுங்கள். உரம் போடும் அப்பாவிடம், “மழைக்கு முந்தின நாள் போட வேண்டாம்ப்பா, பயிருக்குச் சேராது, ஆத்துக்குத்தான் போகும்” என்று சொல்லுங்கள். படித்த பிள்ளை சொன்னால் அப்பா கேட்பார்.

கடலுக்குள் கிராணியார் இன்றைக்கும் செக்ரோலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறார். 1870-இல் வாழ்ந்தவர்களுக்குத் தங்கள் பெயரில் என்ன பதிவாகிறது என்பது தெரியாது. நமக்குத் தெரியும். இந்த ஆண்டு அடுக்கில் நம் பேரில் எவ்வளவு மண் எழுதப்பட வேண்டும் என்பதை, மாணவச் செல்வங்களே, நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.